படம் எடுப்பவர் அறிக்கை எழுதலாமா?

"பிரிட்டனில் எக்ஸ்ரே எடுக்கும் ரேடியோகிராபர்களே படத்துக்கு அறிக்கையும் எழுதுகிறார்களாமே, மருத்துவம் படிக்காதவர் எழுதுவதை நம்பலாமா, டாக்டர்கள் போதாததால் செய்துகொண்ட மலிவான ஏற்பாடுதானே இது?" என்பது கேள்வி.

நம்பலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த நம்பிக்கை சில நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. அவை இல்லாத இடத்தில் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நான் செய்துவருவது இந்த வேலைதான். எலும்பு எக்ஸ்ரேக்களுக்குப் பதினான்கு ஆண்டுகளாகவும் மார்பு எக்ஸ்ரேக்களுக்கு ஆறு ஆண்டுகளாகவும் அறிக்கை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். படம் எடுத்த கையோடு அதே ஆள் அங்கேயே நின்று அறிக்கை எழுதிக் கொடுத்துவிடுவதில்லை. பெரும்பாலான ரேடியோகிராபர்கள் அறிக்கை எழுதுவதே இல்லை. எழுத அவர்களுக்கு அனுமதியும் இல்லை. பட்டப்படிப்பு முடித்து, சில ஆண்டுகள் எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்து, அதன்பின் முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையில் பயிற்சியும் முடித்த சிலர்தான் அந்த இருக்கையில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு ரிப்போர்ட்டிங் ரேடியோகிராபர் என்று தனிப் பெயர் உண்டு. நான் காலையில் எழுதும் நாற்பது ஐம்பது அறிக்கைகளில் பெரும்பாலானவை என் சக ஊழியர்கள் எடுத்த படங்களுக்கானவை. இருட்டறையில் இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, ரேடியாலஜிஸ்ட், அதாவது படங்களைப் படிப்பதில் சிறப்புப் பயிற்சி பெற்ற மருத்துவர், எப்படிப் பார்ப்பாரோ அப்படித்தான் பார்க்கிறேன்.

ஒரு படத்தை அருகில் வைத்துக் காட்டினால் விஷயம் எளிதாகப் புரியும். ஏழு வயதுப் பையன், விளையாடும்போது கையை ஊன்றி விழுந்துவிட்டான். முழங்கை வீங்கியிருக்கிறது, நீட்ட முடியவில்லை. விபத்துப் பிரிவின் இளம் மருத்துவர் படத்தைப் பார்க்கிறார். எலும்பின் ஓரங்கள் எல்லாம் வழவழப்பாக இருக்கின்றன. எங்கும் கோடு தெரியவில்லை. "முறிவு இல்லை" என்று குறித்துவைக்கிறார். அதே பக்கவாட்டுப் படத்தில் மேற்கை எலும்பின் பின்புறம், கீழ்முனைக்குச் சற்று மேலே, கறுப்பாக ஒரு மெல்லிய பிறை இருக்கிறது. அது கொழுப்பு. மடக்கிய முழங்கையில் அந்தக் கொழுப்பு எலும்பின் பின்குழிக்குள் பதுங்கியிருக்கும். பக்கவாட்டுப் படத்தில் கண்ணில் படாது. மூட்டுக்குள் இரத்தம் நிரம்பினால்தான் அது வெளியே தள்ளப்பட்டுக் கறுப்பாகத் தெரியும். விழுந்து அடிபட்ட குழந்தையின் முழங்கையில் அந்தப் பிறை தெரிந்தால், கோடு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், எங்கோ எலும்பு முறிந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். என் அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான்: "மூட்டுக்குள் நீர்மத் தேக்கம். முறிவுக்கோடு தெரியவில்லை, ஆனால் இடம் பெயராத முறிவு இருக்கக்கூடும். முறிவாகவே கருதிச் சிகிச்சை தரவும்." பையனைத் திரும்ப அழைத்துக் கட்டுப் போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் எலும்பின் ஓரத்தில் புது எலும்பு வெள்ளை இழையாகப் படிந்திருந்தது. ஆறிக்கொண்டிருக்கும் முறிவின் அடையாளம் அது.

அந்தப் பிறையை நம்புவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முழங்கை சரியாகத் தொண்ணூறு பாகையில் மடங்கி, சற்றும் திரும்பாமல் பக்கவாட்டில் படுத்திருக்க வேண்டும். கை நீண்டிருந்தால் முழங்கை எலும்பே அந்தக் கொழுப்பை வெளியே தள்ளிவிடும். மூட்டில் எதுவும் இல்லாமலேயே பிறை தெரியும். வலியில் அழும் ஏழு வயதுப் பிள்ளையின் கையை அப்படி வைப்பது எவ்வளவு கடினம் என்பது நூற்றுக்கணக்கான முறை வைத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் "இது சரியான நிலை, இந்த அடையாளத்தை நம்பலாம்" என்றோ "இது சற்றே திரும்பியிருக்கிறது, இந்த நிழலை நம்பாதே" என்றோ சொல்ல வருவது அந்தப் பழக்கத்தால்தான். ரேடியோகிராபர் அறிக்கை எழுதும் மேசைக்குக் கொண்டுவரும் சொந்தச் சொத்து என்று நான் நினைப்பது இதைத்தான். மருத்துவ அறிவில் ரேடியாலஜிஸ்டுக்கு அவர் ஈடு அல்லர். ஆனால் ஒரு நிழல் நோயால் வந்ததா, படம் எடுத்த விதத்தால் வந்ததா என்ற கேள்வியில் அவர் யாருக்கும் பின்தங்கியவர் அல்லர்.

எடுப்பவர் ஒருவர், அறிக்கை சொல்பவர் வேறொருவர் என்ற எல்லைக்கோடு இயற்கையாக இருந்தது என்று நினைக்க வேண்டாம். 1895 நவம்பரில் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டபோது அவர் மருத்துவர் அல்லர், இயற்பியல் பேராசிரியர். தொடக்க ஆண்டுகளில் படம் எடுத்தவர்களில் புகைப்படக்காரர்களும் மின்சாரப் பொறியாளர்களும் இருந்தார்கள். எடுத்தவர்களே அதில் தெரிவதைச் சொல்லியும் வந்தார்கள். பிரிட்டனில் ரேடியோகிராபர்களுக்கென்று சங்கம் 1920இல் தோன்றியது. சில ஆண்டுகளிலேயே, மருத்துவர்களின் வற்புறுத்தலால், மருத்துவர் அல்லாதவர் அறிக்கை தருவதில்லை என்ற கட்டுப்பாட்டைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு, எடுப்பவர் வாய் திறப்பதில்லை. படத்தில் முறிவு பளிச்சென்று தெரிந்தாலும் நோயாளி கேட்டால் "டாக்டர் சொல்வார்" என்பதுதான் பதில்.

1971இல் ஸ்வின்பர்ன் என்பவர் லான்செட் மருத்துவ இதழில், இயல்பான படத்தையும் இயல்பற்ற படத்தையும் பிரித்துச் சொல்ல ரேடியோகிராபர்களைப் பயன்படுத்தலாமே என்று எழுதினார். உடனே எதுவும் மாறிவிடவில்லை. 1980களில்தான் லண்டனில் ஒரு சின்ன ஏற்பாடு வேர்பிடித்தது. எக்ஸ்ரே எடுத்த ரேடியோகிராபருக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றினால் படத்தின் மேல் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுவார். நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு படத்தைப் பார்க்கும் இளம் மருத்துவருக்கு அது "இன்னொரு முறை பார்" என்ற சைகை. விபத்துப் பிரிவில் பிழைகளைக் குறைக்க இது உதவும் என்று 1985இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. பிறகு நாடெங்கும் பரவியது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் சிவப்புப் பொட்டு இருந்தது. ஒட்டும் பொட்டாக அல்ல, கணினித் திரையில் படத்தின் மூலையில் பொறிக்கும் எழுத்தாக. அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதன் குறை சீக்கிரமே தெரிந்துவிட்டது. பொட்டு இருந்தால் ஏதோ இருக்கிறது. எங்கே, என்ன என்று தெரியாது. ஒரே படத்தில் இரண்டு முறிவு இருந்தால் மருத்துவர் ஒன்றைக் கண்டுபிடித்து "பொட்டு இதற்குத்தான்" என்று நிறுத்திவிடுவார். பொட்டு இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். எடுத்தவர் கவனமாகப் பார்த்து ஒன்றும் இல்லை என்று முடிவுசெய்தாரா? பார்க்கவே நேரமில்லையா? சந்தேகம் வந்தும் சொல்லத் தயங்கினாரா? அல்லது இந்த வகைப் படத்தில் அவருக்குப் பழக்கமே இல்லையா? நான்கும் ஒரே வெற்று மூலையாகத்தான் தெரியும்.

அறிக்கையின் சிறப்பு, அது மௌனத்துக்கு இடம் தருவதில்லை என்பது. எழுதுபவர் ஒன்று "இருக்கிறது" என்று சொல்ல வேண்டும், அல்லது "இல்லை" என்று சொல்ல வேண்டும், அல்லது "இந்தப் படத்தால் தீர்மானிக்க முடியாது, இன்ன படம் எடுங்கள்" என்று சொல்ல வேண்டும். கீழே தன் பெயரைப் போட வேண்டும். ரேடியோகிராபரின் பங்கு விரிவடைந்தது என்று பேசும்போது நான் பார்ப்பது அதிகாரத்தை அல்ல. பேசாதிருக்கும் வசதி நம் கையைவிட்டுப் போனதைத்தான். முறிவைக் காண்பது பயிற்சியில் வந்துவிடும். "இது இயல்பு" என்று எழுதிக் கையெழுத்திடுவதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது.

மாற்றம் 1990களில் வேகமெடுத்தது. எல்லாப் படங்களையும் ரேடியாலஜிஸ்டுதான் பார்க்க வேண்டுமா என்று ஒரு ரேடியாலஜிஸ்டே, சாக்ஸ்டன் என்பவர், 1992இல் எழுதினார். 1994இல் லாக்ரன் என்ற இன்னொரு ரேடியாலஜிஸ்ட், மூன்று ரேடியோகிராபர்களுக்கு எலும்பு முறிவுப் படங்களில் பயிற்சி கொடுத்து, பிழைகள் எப்படிக் குறைந்தன என்பதை வெளியிட்டார். லீட்ஸிலும் கேன்டர்பரியிலும் முறையான படிப்புகளும் ஆய்வுகளும் வளர்ந்தன. இந்தக் கதவைத் திறந்தவர்களில் பலர் ரேடியாலஜிஸ்டுகள் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "டாக்டரின் வேலையைப் பறித்துக்கொண்டார்கள்" என்ற பேச்சு அவர்களுக்குச் செய்யும் அநீதி. எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் ஒரு ரேடியாலஜிஸ்டுதான். என் முதல் முந்நூறு அறிக்கைகளில் ஒன்றைக்கூட அவர் வரிவரியாகப் படிக்காமல் விட்டதில்லை.

நம்பலாமா என்ற கேள்விக்கு எண்களில் பதில் உண்டு. பிரீலியும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2005இல் வெளியிட்டார்கள். சாதாரண எக்ஸ்ரேக்களில், பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் கோளாறு உள்ள படங்களில் 92.6 சதவீதத்தைக் கண்டுபிடித்தார்கள். கோளாறு இல்லாதவற்றில் 97.7 சதவீதத்தை இல்லை என்றே சரியாகச் சொன்னார்கள். ரேடியாலஜிஸ்டுகளோடு ஒப்பிட்டபோது துல்லியத்தில் வேறுபாடு இருப்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இந்த எண்களைக் கண்டு மயங்கவும் வேண்டாம். இவை சாதாரண எக்ஸ்ரேக்களுக்கு, அதிலும் பெரும்பாலும் எலும்புப் படங்களுக்கு, முறையாகப் பயின்றவர்களுக்கு உரியவை. அறிக்கை எழுதப் பயிலாத ரேடியோகிராபருக்கோ வயிற்று சி.டி. ஸ்கேனுக்கோ இவற்றைத் தூக்கிப் பொருத்த முடியாது. அதேபோல, ரேடியாலஜிஸ்ட் என்றால் பிழையே இராது என்றும் நினைக்கக் கூடாது. 1940களின் இறுதியில் அமெரிக்க ரேடியாலஜிஸ்ட் கார்லண்ட், அனுபவமுள்ள மருத்துவர்களும்கூடக் கோளாறுள்ள மார்பு எக்ஸ்ரேக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தவறவிடுகிறார்கள் என்று காட்டியபோது அவர் சகாக்களே அதிர்ந்துபோனார்கள். படத்தைப் படிப்பது மனிதக் கண்ணும் மனமும் செய்யும் வேலை. ஆகவே ரேடியோகிராபரைக் குறையற்ற ஒருவரோடு ஒப்பிடுவதில் பயன் இல்லை. அந்தப் படத்தை உண்மையில் வேறு யார் பார்த்திருப்பார் என்று கேட்டு, அவரோடு ஒப்பிட வேண்டும்.

அந்த ஒப்பீடு சங்கடமானது. பல மருத்துவமனைகளில், வார்டில் எடுக்கும் மார்பு எக்ஸ்ரேக்களையும் எலும்புப் பிரிவின் படங்களையும் கேட்ட மருத்துவரே பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடும் வழக்கம் இருந்தது. எழுத்தில் அறிக்கை வராது. சில படங்களை யாரும் முறையாகப் பார்த்ததே இல்லை என்பது பின்னால் தெரியவரும். இங்கிலாந்தின் சுகாதாரத் தர ஆணையம் 2018இல் நாடு தழுவிய ஆய்வு ஒன்றை வெளியிட்டது. விபத்துப் பிரிவுப் படங்களுக்கு ஒரு மருத்துவமனை ஒரு மணி நேரத்தில் அறிக்கை தர வேண்டும் என்று வைத்திருந்தது. இன்னொன்று இரண்டு வேலைநாள் என்று வைத்திருந்தது. அந்த ஆய்வுக்குத் தூண்டுகோலாக இருந்தவை, முறையான அறிக்கை இல்லாமல் கிடந்த மார்பு எக்ஸ்ரேக்கள். அவற்றில் நுரையீரல் புற்றுநோயின் அடையாளம் இருந்த சிலருக்குக் கடும் பாதிப்பு நேர்ந்திருந்தது. படிக்கப்படாத படத்தில் நோயாளிக்குக் கதிர்வீச்சு போய்ச் சேர்ந்துவிடுகிறது. பலன் மட்டும் சேர்வதில்லை. பிரிட்டனின் கதிர்வீச்சு விதிகள், 2017இல் புதுப்பிக்கப்பட்டவை, இதை ஏற்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் மருத்துவ மதிப்பீடு ஒன்று பதிவாக வேண்டும் என்கின்றன. அதைச் செய்பவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்று அவை சொல்லவில்லை; போதிய பயிற்சி பெற்றவராக, அந்தப் பொறுப்புக்கு நிறுவனத்தால் உரிமை தரப்பட்டவராக இருக்க வேண்டும் என்றே சொல்கின்றன.

எனவே "மலிவான ஏற்பாடு" என்ற குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. ஆள் பற்றாக்குறைதான் கதவைத் தள்ளித் திறந்தது. பிரிட்டனில் தேவைக்கு ஏறக்குறைய 30 சதவீதம் ரேடியாலஜிஸ்டுகள் குறைவு என்று ராயல் காலேஜ் ஆப் ரேடியாலஜிஸ்ட்ஸ் அமைப்பின் கணக்கெடுப்பு சொல்கிறது. சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் அவர்களுடைய நாளை விழுங்கிவிட்டன. ஒரு சி.டி. ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படத்துண்டுகள் இருக்கின்றன. மணிக்கட்டு எக்ஸ்ரே வரிசையின் அடியில் போய்ச் சேருகிறது. இப்படித் தொடங்கியது என்பதால் அது தரம் குறைந்தது ஆகிவிடாது. தேவை தள்ளிய கதவு வழியாக நல்ல பயிற்சியும் வரலாம், அரைகுறைப் பயிற்சியும் வரலாம். எது வந்தது என்பதுதான் கேள்வி.

பயிற்சி என்றால் என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். முதுநிலைச் சான்றிதழோ பட்டயமோ ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டும். பல நூறு படங்களுக்குப் பயிற்சி அறிக்கை எழுத வேண்டும். ஒவ்வொன்றையும் வழிகாட்டி மருத்துவர் தன் அறிக்கையோடு ஒப்பிடுவார். இறுதித் தேர்வில் படத்தொகுப்பு ஒன்றைத் தந்து நேரம் வைத்து எழுதச் சொல்வார்கள். தேறினால் உலகத்துப் படங்களையெல்லாம் எழுதும் உரிமை கிடைத்துவிடாது. எந்த உடற்பகுதி, எந்த வயது, எந்தப் பிரிவிலிருந்து வரும் படம் என்று உங்கள் வரம்பை எழுத்தில் தருவார்கள். என் வரம்பில் நீண்ட நாள் குழந்தைகளின் மார்புப் படம் இல்லை. அது என் வரிசைக்கு வந்தால் தொடாமல் ரேடியாலஜிஸ்டுக்கு அனுப்பிவிடுவேன். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை என் அறிக்கைகளில் சிலவற்றை வேறொருவர் எழுதியவர் பெயர் பார்க்காமல் மீண்டும் படிப்பார். மாதம் ஒருமுறை பிழைகளைப் பேசும் கூட்டம் நடக்கும்.

அந்தக் கூட்டத்தில் என் படம் திரைக்கு வந்த நாளை மறக்க முடியாது. நடுவயதுப் பெண், பாதம் மடங்கி விழுந்திருக்கிறார். கணுக்கால் படத்தில் வெளிப்பக்க எலும்பில் முறிவு தெளிவாக இருந்தது. எழுதினேன். அதே படத்தின் கீழ் ஓரத்தில், சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பின் அடிப்பகுதியும் கொஞ்சம் தெரிந்தது. அங்கேயும் ஒரு முறிவு. நான் அதைப் பார்க்கவில்லை. ஒன்பது நாள் கழித்து அவர் பாத வலியோடு திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. ஒன்றைக் கண்டதும் மனம் நிறைவடைந்து தேடுவதை நிறுத்திவிடுவது எங்கள் தொழிலில் நன்கு அறிந்த பொறி. அதைப் பற்றி மாணவர்களுக்கு நானே பாடம் நடத்தியிருக்கிறேன். கூட்டத்தில் யாரும் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; பக்கத்தில் இருந்த மூத்த ரேடியாலஜிஸ்ட் தானும் அதே இடத்தில் தவறியதைச் சொன்னார். அன்றிலிருந்து கணுக்கால் படம் என்றால் அந்த ஓரத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். தன் பிழை தன்னிடம் திரும்பி வந்து சேர வழி இல்லாத இடத்தில் யாரும் அறிக்கை எழுதக் கூடாது. நான் சொன்ன நிபந்தனைகளில் இதற்கே முதலிடம் தருவேன்.

எலும்பிலிருந்து மார்புக்குப் போவது சிறு அடி போலத் தோன்றும். அப்படி இல்லை. எலும்புப் படத்தில் கேள்வி குறுகியது: விழுந்தார், இங்கே வலிக்கிறது, முறிந்ததா? மார்புப் படத்தில் "மூச்சுத் திணறல்" என்று இரண்டே சொல் எழுதியிருக்கும். அதற்குப் பின்னால் நிமோனியா இருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்றோ நீரோ சேர்ந்திருக்கலாம், புற்றுநோய் இருக்கலாம். விலா எலும்பும் இதயமும் உதரவிதானமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழலில் ஒரு சென்டிமீட்டர் கட்டி எளிதாக ஒளிந்துகொள்ளும். நுரையீரல்களின் இரு உச்சிகள், காறை எலும்பின் பின்புறம், இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழ்: இந்த இடங்களுக்குக் கண்ணைக் கட்டாயப்படுத்தி அழைத்துப்போக வேண்டும். அவற்றையெல்லாம் பார்த்த பிறகும், பழைய படத்தோடு ஒப்பிடாமல் எழுதுவது துணிச்சல் அல்ல, அசட்டை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பும் அதே இடத்தில் அதே அளவில் இருந்த நிழல் ஒன்று. ஆறு மாதத்துக்கு முன் இல்லாத நிழல் இன்னொன்று. இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் இருக்கும்.

மற்றத் துறைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். அல்ட்ராசவுண்டில் இந்த விவாதமே பழசு. பிரிட்டனில் சோனோகிராபர்கள், அதாவது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்பவர்கள், தாங்கள் செய்த ஸ்கேனுக்குத் தாங்களே அறிக்கை எழுதுவது வெகுகாலமாக வழக்கம். கருவியை நகர்த்தும்போது கண்டவர்தான் சொல்ல முடியும். பிறகு பார்ப்பவருக்கு உறைந்த சில படங்களே மிச்சம். மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் ஒவ்வொரு மேமோகிராமையும் (மார்பக எக்ஸ்ரே) இருவர் தனித்தனியே படிக்கிறார்கள். அவர்களில் பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்களும் உண்டு. தலை சி.டி., முழங்கால் எம்.ஆர்.ஐ., முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. ஆகியவற்றிலும் சிலர் எழுதுகிறார்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குச் செலுத்தும் உணவுக் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது சிறிய வேலைபோலத் தோன்றும். அது நுரையீரலுக்குள் போயிருப்பதைக் கவனிக்காமல் உணவு செலுத்தினால் உயிர் போகும். படம் எடுத்த கணத்திலேயே அதைப் படித்துச் சொல்ல ஒருவர் இருப்பது பெரிய விஷயம்.

எல்லா நாடும் இந்த வழியில் போகவில்லை. டென்மார்க்கிலும் நார்வேயிலும் அறிக்கை எழுதும் ரேடியோகிராபர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அவசரமான ஒன்றைக் கண்டால் உடனே தெரிவிப்பது ரேடியோகிராபரின் கடமை. முழு அறிக்கை ரேடியாலஜிஸ்டுடையது. அமெரிக்காவில் ரேடியாலஜிஸ்ட் அசிஸ்டென்ட் என்ற உயர்நிலைப் பணி உண்டு. அவர் தான் கண்டதை ரேடியாலஜிஸ்டிடம் சொல்லலாம், அறிக்கை தர முடியாது. அறிக்கைக்கு யார் பணம் பெறுகிறார் என்பதும் இந்த எல்லைகளைத் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

எதிர்ப்பாளர்கள் சொல்வதில் இரண்டை நான் முழுதாக ஏற்கிறேன். ஒன்று, எலும்புப் படங்களும் மார்புப் படங்களும் எங்களிடம் வந்துவிட்டால், பயிற்சியில் இருக்கும் இளம் ரேடியாலஜிஸ்டுகள் அவற்றை எங்கே கற்பார்கள்? எங்கள் பிரிவில் வாரத்தில் ஒரு காலை அவர்கள் என் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். இது போதும் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு, மருத்துவத்தின் அகலம். ஒரு எலும்பில் விசித்திரமான அரிப்பு இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும். அது எந்த நோயின் முகம், அடுத்து எந்தப் பரிசோதனை, அறுவைச் சிகிச்சை நிபுணர் எதை அறிய விரும்புவார் என்பதில் ரேடியாலஜிஸ்டின் பல்லாண்டு மருத்துவப் படிப்பு பேசும். அங்கே எழுந்து போய் அவர் கதவைத் தட்டுவதுதான் சரி. அந்தக் கதவு இல்லாத மருத்துவமனையில், தனியாக ஒரு அறையில் ஒரு ரேடியோகிராபரை உட்காரவைத்து எழுதச் சொன்னால், அந்த அறிக்கையை நம்ப வேண்டாம் என்று நானே சொல்வேன்.

எங்கள் பக்கத்துக் கவலை இன்னொன்று, அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. எக்ஸ்ரே அறையில் ஆள் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவது அறிக்கை நேரம்தான். "இன்று மட்டும் வந்து கை கொடுங்கள்" என்பார்கள். மனிதர்கள் வரிசையில் வலியோடு காத்திருக்கும்போது மறுக்க மனம் வராது. திரைக்குப் பின்னால் காத்திருக்கும் இருநூறு படங்களுக்கும் மனிதர்கள் உண்டு. அவர்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இரண்டாண்டு செலவிட்டு ஒருவருக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, வாரத்தில் அரைநாள் மட்டும் எழுத விடுவது பயிற்சியை வீணடிப்பது மட்டுமல்ல, ஆபத்தும்கூட. எழுதாத கண் மங்கிவிடும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இந்தப் பேச்சு எதற்கு என்றும் சிலர் கேட்பதுண்டு. எந்தச் சிகிச்சையை, கருவியைப் பயன்படுத்தலாம் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2025 ஜனவரியில், விபத்துப் பிரிவில் முறிவைக் கண்டறிய உதவும் நான்கு மென்பொருள்களை, மேலும் சான்றுகள் திரட்டிக்கொண்டே பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. முடிவெடுப்பவர் மனிதரே. மென்பொருள் படத்தின் மேல் கட்டம் போட்டுக் காட்டுகிறது. எனக்குப் பழைய சிவப்புப் பொட்டுதான் நினைவுக்கு வருகிறது. கட்டம் இருந்தால் பார்க்கிறார்கள். கட்டம் இல்லாவிட்டால், முன்பைவிடச் சீக்கிரம் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். கட்டம் இல்லாத படத்தையும் அதே பொறுமையோடு பார்த்து, "இல்லை" என்று எழுதிப் பெயர் போடும் ஒருவர் இன்னும் தேவைப்படுகிறார்.

நோயாளியாக நீங்கள் செய்யக்கூடியது இது. அறிக்கையின் கடைசியில் எழுதியவர் பெயரும் பதவியும் இருக்கும். ரிப்போர்ட்டிங் ரேடியோகிராபர் என்று இருந்தால் தயங்க வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால், இதை இன்னொருவர் பார்க்க முடியுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படி இரண்டாம் கருத்து கேட்பது எங்களுக்குள்ளேயே தினமும் நடப்பது. எழுதியவர் யாராக இருந்தாலும் சரி, "முறிவு இல்லை" என்று வந்த பிறகும் கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டின் குழிவில் அழுத்தினால் வலி இருந்தால், பத்துப் பதினான்கு நாளில் திரும்பப் போங்கள். அங்கே ஸ்கேபாய்டு என்று ஒரு சிறு எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் நாள் எக்ஸ்ரேயில் எந்தக் கண்ணுக்கும் தெரியாமல் இருக்கக்கூடும். கவனிக்காமல் விட்டால் எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைந்து, சேராமலே போய்விடக்கூடும். நான் எழுதும் ஒவ்வொரு மணிக்கட்டு அறிக்கையிலும், வலி அங்கே என்று குறிப்பு இருந்தால், அந்த மறுபடத்தைக் கேட்டு ஒரு வரி சேர்த்துத்தான் கையெழுத்திடுகிறேன்.